கன்னிமூலை மண்

போனை எடுத்ததும் காதில் விழுந்த முதல் வார்த்தையே, "கம்பெனிக்காரககிட்ட எம்புட்டு வாங்கினீக?" என்பதுதான்.

வணக்கம் கிடையாது, யார் என்ன என்கிற பேச்சு கிடையாது. ஒரு ரூபாய்க் காசு போட்டுப் பேசும் பெட்டியிலிருந்து ஒரு பெண். காசு தீரும்போதெல்லாம் கீக்கென்று சத்தம் வரும். அடுத்த காசைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்டுவாள். நான் தஞ்சாவூரில் சின்னதாக ஒரு மண் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறேன். பதினாலு வருஷத்தில் ஒருத்தர்கூட எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அறிக்கையை மாற்றி எழுதச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்த டீ அவர் சட்டையில் இருந்திருக்கும்.

கத்தி முடித்தபின்தான் விஷயம் வந்தது. பெயர் பேச்சியம்மாள். விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். ரெண்டு ஏக்கர் மானாவாரிக் கரிசல். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை. அங்கிருந்து வரும் கழிவால் நிலத்தில் ஒரு பட்டை முழுக்கக் கருகிவிட்டது என்று கலெக்டரிடம் மனு கொடுத்திருக்கிறாள். மண்ணைச் சோதித்துக்கொண்டு வா என்றார்களாம். பக்கத்தில் கொடுத்தால் கம்பெனிக்காரர்கள் விலை பேசிவிடுவார்கள் என்று பயந்து, யாரோ சொன்ன விலாசத்துக்கு, தஞ்சாவூருக்கு, பார்சலில் அனுப்பியிருக்கிறாள். நான் சோதித்து, மிக நல்ல மண், எதைப் போட்டாலும் விளையும் என்று அறிக்கை அனுப்பினேன். அவள் உறையைக்கூடப் பிரிக்காமல் அதைக் கொண்டுபோய்த் தாலுகா ஆபீசில் கொடுத்துவிட்டாள். இப்போது வெள்ளிக்கிழமை வருவாய் ஆய்வாளர் வந்து பார்த்து மனுவை முடித்துவைக்கப் போகிறார். முடித்துவிட்டால், செத்த மண்ணை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டுக் கம்பெனியே நிலத்தை எழுதி வாங்கிவிடும். டேப் வைத்து அளந்துகூடப் பார்த்துவிட்டார்களாம்.

நோட்டைப் புரட்டினேன். அவள் அனுப்பிய மண்ணில் மிச்சம் அலமாரியில் இருந்தது. அன்றைக்கே திரும்பச் சோதித்தேன். அதே முடிவு. உப்பு இல்லை, உரம் குறைவில்லை, குழந்தை நெற்றியில் திருநீறாகப் பூசலாம் போல அவ்வளவு சுத்தம். எனக்குக் கோபம் இரட்டிப்பாகிவிட்டது. என் மனைவி, திரும்பக் கூப்பிட்டால் சொல்லிக்கொள்ளலாமே என்றாள். எவளோ ஒருத்தி என்னைத் திருடன் என்பாள், நான் போன் மணி அடிக்கும் என்று உட்கார்ந்திருப்பேனா? மண் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு புதன்கிழமை காலை பஸ் ஏறினேன்.

விருதுநகரில் இறங்கும்போது மாலையாகிவிட்டது. ஆடிக் காற்று. எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் இருக்கும். இங்கே காற்று முகத்தில் மண்ணை அள்ளி வீசிவிட்டு, மன்னிப்பும் கேட்காமல் போகிறது. வாயைத் திறந்தால் பல்லுக்கிடையில் நறநற என்கிறது. நான் அதைத் துப்பாமல் நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன். தொழில் புத்தி. களி அதிகம், கொஞ்சம் சுண்ணாம்பு.

பரோட்டா சாப்பிடாமல் போகாதீர்கள் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லியிருந்தார். இங்கே பரோட்டாவைக் கல்லில் சுடுவதில்லை, எண்ணெயில் முக்கிப் பொரிக்கிறார்கள். பிய்த்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கோபத்தோடு போன மனுஷனுக்கு நன்றாக இருப்பதும் எரிச்சல். காப்பி கேட்டேன். உப்புத் தண்ணீரில் போட்ட காப்பி. கடைக்காரரிடம் சொன்னதற்கு, "நாங்க பொறந்ததுலேருந்து இதைத்தான் குடிக்கோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். விடுதி அறையில் குழாயைத் திறந்தால் அதே தண்ணீர், சோப்பு நுரைக்கவே இல்லை.

வியாழக்கிழமை காலை சாத்தூர் பஸ். ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மனுக்குப் போகும் கூட்டம் முழுக்க அந்த ஒரு பஸ்ஸில்தான் ஏறியது என்று நினைக்கிறேன். மஞ்சள் சேலை, வேப்பிலை, கோழி, என் காலின் மேல் ஒரு அண்டா. பாதி வழியில் பஸ் நின்றது. பின் டயர் பஞ்சர். கண்டக்டர் இறங்கி டயரை ஒரு உதை உதைத்துவிட்டு வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம். அண்டாக்காரம்மா எனக்குச் சாத்தூர் வெள்ளரிக்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்தார். கோயிலுக்கா என்று கேட்டார். ஒரு பெண்ணோடு சண்டை போட வந்திருக்கிறேன் என்று சொல்ல முடியுமா? சொந்தக்காரரைப் பார்க்க என்றேன்.

சாலைக்கு இரண்டு பக்கமும் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எனக்குப் பழக்கமில்லாத பூமி. எங்கள் டெல்டா மண் வந்தேறி மண். எங்கேயோ மலையில் உடைந்ததை ஆறு தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் கொட்டியது. நாங்கள் அதில் நாற்று நட்டு, என்னமோ நாங்களே செய்த மாதிரி பெருமை பேசுகிறோம். இந்தக் கரிசல் அப்படியில்லை. அடியில் இருக்கிற பாறையே வெயிலிலும் மழையிலும் இற்று, எத்தனையோ தலைமுறைக் காலத்தில் இங்கேயே மண்ணாகியிருக்கிறது. மழை பெய்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வாயைப் பிளக்கும். புத்தகத்தில் படித்திருக்கிறேன், சோதனைக் குழாயில் பார்த்திருக்கிறேன். பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கும்போது, படித்தது கால்வாசிதான் என்று தெரிந்தது.

சாத்தூரிலிருந்து மினி பஸ். என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் கை முழங்கை வரை வெள்ளியாகப் பளபளத்தது. அலுமினியப் பவுடர். எத்தனை தேய்த்தாலும் ஞாயிற்றுக்கிழமைதான் போகும், திங்கட்கிழமை திரும்ப வந்துவிடும் என்றாள். எங்கே வேலை என்று கேட்டால் ஆபீஸ் என்றாள். இங்கே பட்டாசுத் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடக்கிறது, லோடு லோடாகப் போகிறது, நின்று மூச்சுவிட நேரமில்லை என்றாள். வேகமாக, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பேச்சியம்மாள் வீட்டுக்கு யாரும் வழிகாட்ட வேண்டியிருக்கவில்லை. மனுக் கொடுத்தவ வீடு என்று கேட்டதுமே கையைக் காட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான, கறுத்த, முன்கோபம் முகத்திலேயே எழுதியிருக்கும் பெண். புருஷன் திருப்பூரில் வேலை பார்க்கிறார். அவள் பதினோரு வருஷம் பக்கத்து ஆபீசில் பூச்சட்டி வாணத்துக்கு வெடிமருந்து அடைத்தவள். மனுக் கொடுத்த மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் யார் என்று சொன்னதும் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். நான் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து அவள் முன்னால் வைத்து, இது உங்கள் மண்தானே, பிரித்துப் பாருங்கள், இதில் ஒரு குற்றம் சொல்லுங்கள், நான் கடையை மூடிவிட்டுப் போகிறேன் என்று கத்தினேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

அவள் பிரித்தாள். விரலால் தொட்டாள். முகத்தில் எந்தக் கள்ளமும் இல்லாமல், ஆமா, என் மண்தான் என்றாள்.

எங்கே எடுத்தது என்று கேட்டேன். கேட்டது அப்போதுதான். பதினாலு வருஷ அனுபவம்.

"கன்னிமூலையிலதான் சார். வேற எங்கன எடுப்பாக?"

நிலத்தின் தென்மேற்கு மூலை. இந்தப் பக்கத்தில் எந்தக் காரியத்தையும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்களாம். முதல் விதை அங்கே, பொங்கல் வைப்பது அங்கே, வருஷத்துக்கு ஒரு தடவை ஆட்டுப் புழுக்கை கொட்டுவதும் முதலில் அங்கேதான். கருகிய பட்டை இருப்பது வடகிழக்கில், வேலியோரம். அதிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரத்தில் போய் எடுத்திருக்கிறாள். அதோடு விட்டாளா? நிழலில் உலர்த்தி, மாவு சலிக்கிற சல்லடையில் சலித்து, வெள்ளைக் கல்லைப் பொறுக்கி, வேர் எல்லாம் எடுத்துப்போட்டு, புது மஞ்சள் பையில் கட்டி அனுப்பியிருக்கிறாள்.

"படிச்சவுக கையில போறது. கல்லும் கட்டியுமாவா அனுப்புறது? நம்ம நிலத்தைப் பத்தி நாலு பேரு என்ன நெனைப்பாக?"

நான் திண்டாடிப் போனேன். காய்ச்சல் உனக்கு, ரத்தம் கொடுத்தது உன் தங்கச்சியா என்று கேட்டேன். பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி மண்ணைச் சிங்காரித்து அனுப்பினால் நான் என்ன எழுதுவேன் என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். கடைசியில் அவள், நிலத்தை ஒருதரம் பாத்துட்டுக் கத்துங்க சார் என்று முன்னால் நடந்தாள்.

நிலத்தைப் பார்த்தேன். கோபம் வேறு பக்கம் திரும்பியது. வேலியிலிருந்து பதினைந்தடி அகலத்துக்கு, முந்நூறு அடி நீளத்துக்கு, ஒன்றுமில்லை. புல்லில்லை. எந்தப் பாழிலும் முளைக்கும் சீமைக் கருவேல்கூட அங்கே காய்ந்து குச்சியாக நின்றது. பக்கத்திலேயே போன வருஷத்துச் சோளத்தட்டை கருகாமல் நிற்கிறது. கருகல், கோடு கிழித்த மாதிரி அங்கே நின்றுவிட்டது. ஆனால் குனிந்து பார்த்தால் மேல்மண்ணில் எதுவுமே தெரியவில்லை. மற்ற இடம் மாதிரியே கறுப்பு, மற்ற இடம் மாதிரியே வெடிப்பு.

நேராக ஆபீசுக்குப் போனேன். வாசலில் காவலாளி செல்போனையும் செருப்பையும் வாங்கி வைத்துக்கொண்டார். செருப்பில் ஆணி இருந்தால் பொறி வருமாம். சுடுமணலில் வெறுங்காலோடு தத்தித் தத்திப் போனேன். மேனேஜர் இளைஞர், நல்ல மரியாதை. நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். கலர் சோடா வந்தது, ஒரு தட்டில் காராச்சேவு வந்தது. மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். என் அறிக்கை. தாலுகா ஆபீசிலிருந்து நகல் வாங்கி, லேமினேஷன் செய்து வைத்திருக்கிறார்.

ஆபீசுக்குப் பக்கத்து மண்ணே இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று ஒரு வெளியூர் நிபுணர் எழுதிக் கொடுத்துவிட்டார், இனிமேல் எவன் கேட்டாலும் இதைத்தான் காட்டுவோம் என்றார். அவர்களுடைய கழிவெல்லாம் காம்பவுண்டுக்குள் சிமெண்டுத் தொட்டியில் விடுகிறார்களாம், வெளியே ஒரு சொட்டுப் போவதில்லையாம். புறப்படும்போது ஒரு கிப்ட் பாக்ஸ் நீட்டினார். பிள்ளைகளுக்கு. அதை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். வாங்கியிருந்தால் அந்தப் பெண் போனில் கேட்ட கேள்விக்கு அது பதிலாக இருந்திருக்கும். என் கையெழுத்தை இன்னொருத்தன் பிளாஸ்டிக் போட்டு வைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. உடம்பெல்லாம் எரிந்தது.

கருகிய பட்டையில் குழி வெட்ட வேண்டும் என்றேன் பேச்சியம்மாளிடம். ஆள் உயரத்துக்கு. அவள் இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்தாள். ஒருத்தருக்கு இடுப்பு வலி, ஒருத்தருக்கு அவசர வேலை. ஊரில் எல்லா வீட்டுச் சோறும் அந்த ஆபீசிலிருந்துதான் வருகிறது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை என்றாள். அதனால் நானும் அவளுமே வெட்டினோம். அவளிடம் கடப்பாரை, என்னிடம் மண்வெட்டி. என் கை சோதனைக் குழாய் பிடிக்கிற கை. அரை மணி நேரத்தில் கொப்பளித்துவிட்டது. அவள் சேலைத் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டு, திரும்ப இறங்கினாள்.

முதல் நாலு விரற்கடை மண் ரவை மாதிரி உதிர்ந்தது. அதற்குக் கீழே முழங்கால் அளவுக்கு இரும்பு. கடப்பாரை ணங்கென்று திரும்பி வந்தது. இடுப்பளவுக்கு வந்ததும் லேசாக ஈரம், கட்டிகள் ஆப்பு ஆப்பாகப் பெயர்ந்தன. ஒரு கட்டியைத் திருப்பினால் அதன் ஒரு பக்கம் சாணம் போட்டு மெழுகின மாதிரி வழவழப்பாகப் பளபளத்தது. மழையில் உப்பும்போது ஒன்றோடொன்று உரசி உரசி வந்த பளபளப்பு அது. இந்த மண் சும்மா கிடப்பதில்லை. கோடையில் வாயைத் திறக்கும், மேலே கிடப்பதெல்லாம் உள்ளே விழும், மழை வந்ததும் வாயை மூடிக்கொள்ளும், அடுத்த கோடையில் வேறோர் இடத்தில் திறக்கும். கலப்பை இல்லாமலே தன்னைத் தானே மேலும் கீழுமாகப் புரட்டிக்கொள்ளும் மண். நான் இதைச் சொன்னதும், அதான் எங்களுக்குத் தெரியுமே என்கிற மாதிரி அவள் தலையை ஆட்டினாள்.

மார்பளவு ஆழத்தில்தான் அது தெரிந்தது. பழைய வெடிப்புகள் மூடிய தடம், கறுப்புச் சுவரில் மேலிருந்து கீழாகச் சாம்பல் நிறக் கோடுகளாக இறங்கியிருந்தது. ஒரு கோட்டைக் கத்தியால் சுரண்டினேன். கந்தக வாடை. நடுவில் வெள்ளி மினுக்கம். பச்சை வெளிச்சம் வருவதற்குப் பேரியம் உப்புப் போடுவார்கள். அந்த உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அதற்கும் கீழே வெள்ளைச் சுண்ணாம்புச் சுக்கான் கற்கள் வரை கோடு போயிருந்தது. மேல்மண் சுத்தம், உள்ளே இவ்வளவும். செடியின் வேர் போகும் ஆழத்தில் சரியாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு ஆத்திரமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. மாட்டினார்கள் என்று வாய்விட்டே சொன்னேன்.

சுரண்டிக்கொண்டே போனபோது சுவரிலிருந்து ஒரு துணிமுடிச்சு பெயர்ந்து விழுந்தது. மக்கிப்போன நீலத் துணி, ஓரத்தில் மஞ்சள் கரை. உள்ளே சாம்பல் நிறத்தில் கட்டிதட்டிய மருந்து. பேச்சியம்மாள் அதைக் கையில் எடுத்தாள். மண்ணைத் தட்டிவிட்டுக் கரையைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் குழியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"இது என் சேலை, அண்ணாச்சி."

அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஆபீசில் சாயங்காலம் வேலை முடிந்ததும் அவரவர் அறையை அவரவர் சுத்தம் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். சிந்திய மருந்தை வீட்டுப் பழஞ்சேலைத் துணியை நனைத்து ஒற்றி எடுத்து, வாளித் தண்ணீரில் கரைத்து, வெளியே ஊற்றுவார்கள்; கரையாததைத் துணியோடு முடிந்து போடுவார்கள். அதை எங்கேயும் குவித்து வைக்கக் கூடாது. வெயில் பட்டால் பற்றிக்கொள்ளும். அவள் கண்ணெதிரிலேயே அப்படி ஒரு குவியல் பற்றி இரண்டு பெண்கள் கருகியிருக்கிறார்கள். அதனால் போர்மேன் சொல்லிக்கொடுத்த வழி இது: வேலிக்கு வெளியே பெரிய பெரிய வெடிப்பு இருக்கிறதே, அதில் ஊற்றுங்கள், பூமிக்குள் போய்விட்டால் தீ பிடிக்காது. தொட்டி என்று ஒன்று அவள் இருந்தவரை கிடையாது. வேலியோர அறை அவளுடையது. வேலிக்கு வெளியே நிலமும் அவளுடையது. மற்ற பெண்கள் தயங்கினபோது, எங்க நிலம்தான், யாரும் கேக்கமாட்டாக, ஊத்துங்க என்று அவளே சொல்லியிருக்கிறாள். பதினோரு வருஷம், தினமும், முப்பது பெண்களோடு. அதைப் பத்திரமான காரியம் என்றுதான் நினைத்தாளே தவிர, கழிவு என்று நினைத்ததே இல்லை. கம்பெனி லாரி எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டுவதுதான் கழிவு, அது ஊறி வருகிறது என்றுதான் மனுவில் எழுதியிருக்கிறாள்.

யார் மேல் கோபப்படுவது? அவள் மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை. தீயிலிருந்து ஆட்களைக் காப்பாற்ற நினைத்தவள் அவள். ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினால் தீரும் விஷயத்துக்கு, அவள் நிலத்தையே தொட்டியாக்கிவிட்டு, மேஜைக்குப் பின்னால் கலர் சோடா குடிக்கிறார்களே, அவர்கள் மேல்தான் கோபம் வந்தது. நாளைக்கு இதை வெளியே சொல்ல வேண்டாம், துணியை எடுத்துவிடுங்கள் என்றேன். ஆம், நான்தான் சொன்னேன், நேர்மையைக் காப்பாற்ற ஊர்விட்டு ஊர் வந்தவன். அவள் துணியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, கை கழுவப் போனாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருவாய் ஆய்வாளர் வந்தார். மேனேஜரின் ஜீப்பில். பாதி வழியில் தன் வண்டி மக்கர் செய்ததாக அவராகவே சொன்னார். குழி விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். நான் உள்ளே நின்று ஒவ்வோர் அடுக்காகக் கையை வைத்துச் சொன்னேன். இது பழுதடையாத மண், இது விழுங்கின தடம், இது கந்தகம், முகர்ந்து பாருங்கள். அவர் முகரவில்லை. ஆனால் முகம் மாறியது. கெட்ட மனுஷன் இல்லை என்றுதான் தோன்றியது.

மேனேஜர்தான் சிரித்தார். உள்ளே இருப்பது இருக்கட்டும், ஊற்றியது யாரென்று இந்தம்மாவிடமே கேளுங்கள் என்றார். அவருக்கு முழுக்கத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் எனக்குத் தொட்டிக் கதை சொல்லியிருக்கிறார்.

பேச்சியம்மாள் தயங்கவில்லை. "நான்தான் ஊத்தினேன் சார். பதினோரு வருசம் ஊத்தினேன். போர்மேன் ஊத்தச் சொன்னாக, ஊத்தினேன். ரெண்டையும் எழுதிக்கோங்க."

ஆய்வாளர் அட்டையில் வைத்து எழுதினார். நான் குழியிலிருந்து ஏறி வந்து, எழுதியதைப் படிக்கச் சொன்னேன். மனுதாரர் தானே பதினோரு வருடங்களாகக் கழிவை ஊற்றியதாக ஒப்புக்கொண்டார் என்று இருந்தது. மற்றது எங்கே என்றேன். இது மனுதாரர் வாக்குமூலத்துக்கான கட்டம், மற்றவர் சொன்னது இதில் வராது, இடமும் இல்லை என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அட்டையைப் பிடுங்கியிருப்பேன். பேச்சியம்மாள் என் கையைப் பிடித்தாள்.

மேல்மண்ணைச் சோதித்து இந்த நிலத்தைத் தீர்மானிக்க முடியாது, ஆழம்தான் முக்கியம், அறிக்கை செல்லாது என்று கத்தினேன். ஆய்வாளர் பொறுமையாக என் அறிக்கை நகலை எடுத்தார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

"ஆழம் முக்கியம்னு சொல்றீக. இங்கன 'மண் எடுத்த இடம், ஆழம்'னு போட்டு, நேரா ஒரு கோடு இழுத்திருக்கீகளே சார்?"

என் கோடு. என் பேனா, என் மை. தெரியாது என்று எழுதி மண்ணைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டிய இடத்தில், எவன் விசாரித்துக்கொண்டிருப்பான் என்று இழுத்துவிட்ட ஒரு கோடு. ஒரு நாளைக்கு நாற்பது பொட்டலம் வந்தால் நாற்பதிலும் இழுக்கிற கோடு. மூன்று நாளாகக் கடைக்காரன் மேலும் கண்டக்டர் மேலும் இந்தப் பெண் மேலும் கத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். இரண்டு வழிதான் இருக்கிறது. இந்தம்மா வேறு இடத்து மண்ணைக் கொடுத்து ஏமாற்றினாள் என்று நான் எழுதிக் கொடுக்கலாம். அப்போது பொய் மனு என்று முடித்துவிடுவார்கள். இல்லையென்றால் என் அறிக்கையே தப்பு என்று எழுதிக் கொடுக்கலாம். அப்போது கையில் அறிக்கை எதுவும் இருக்காது, மனுவை முடிக்க முடியாது, அரசாங்கமே ஆளை அனுப்பிக் குழி மண்ணை எடுத்துப் பார்க்க வேண்டிவரும். மேனேஜர் அவசரமாகக் குறுக்கிட்டு, சார் எதுக்கு உங்க பேரைக் கெடுத்துக்கிடுறீக, தஞ்சாவூரு வரைக்கும் சேதி போயிருமே என்றார். அக்கறையாகச் சொல்வது மாதிரிதான் சொன்னார்.

என் பேரைக் காப்பாற்றத்தான் நான் வந்தேன். பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஜீப்பின் பானட் மேல் வைத்து எழுதினேன். மண் எங்கே, எந்த ஆழத்தில் எடுக்கப்பட்டது என்று விசாரிக்காமல் என் பரிசோதனைக் கூடம் அறிக்கை கொடுத்துவிட்டது. அது தவறு. தவறு என்னுடையது, மனுதாரருடையது அல்ல. இந்த அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். கையெழுத்துப் போட்டேன்.

தாளை ஆய்வாளரிடம் நீட்டப் போனபோது பேச்சியம்மாள் நடுவில் வந்தாள்.

"அண்ணாச்சி, அந்தத் தாள்ல கீழ எடம் இருக்கா?"

அரைத்தாளுக்கு மேல் இருந்தது. பேனாவை வாங்கினாள். எட்டாவது வரை படித்தவள். ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினாள். ஊத்துனது நான். ஊத்தச் சொன்னது போர்மேன். தொட்டி கிடையாது. பேச்சியம்மாள். பெயருக்குக் கீழே தன் நில சர்வே எண்ணையும் எழுதினாள். தாளின் ஓரத்தில் அவள் கட்டைவிரல் பட்ட இடத்தில் கறுப்பாகக் கரிசல் ஒட்டியது.

ஆய்வாளர் அதை இரண்டு தடவை படித்தார். மேனேஜரைப் பார்க்காமல், பெற்றுக்கொண்டேன் என்று ஓரத்தில் எழுதி, சுருக்கொப்பம் போட்டு, மனுவோடு குத்தினார். மேனேஜர் ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆய்வாளர் ஏறவில்லை, மெயின் ரோடு வரை நடந்தே போய்க்கொள்கிறேன் என்றார். போகும்போது திரும்பி, துறை ஆட்கள் எப்போது வருவார்கள் என்று தன்னால் சொல்ல முடியாது, மாசக்கணக்காகும், அதுவரைக்கும் குழியை மூடிவிடுங்கள், ஆடு மாடு விழுந்துவிடும் என்றார்.

பேச்சியம்மாள் கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்தாள்.

"ஆடு மாட்டை நான் பாத்துக்கிடுறேன். அம்புட்டுப் பேரும் வந்து பாக்கட்டும், குழி கெடக்கட்டும் சார்."